தோலான் ஏற்றம்: நூற்பாவும் விளக்கவுரையும்

புரவியும் தானும் ஓருடல் ஆகி
வரம்புடைக் களத்து மருளறப் புகுந்து
நடுவண் நின்று நடுவரை வணங்கி
இடுநடை மூன்றும் எண்பெறக் காட்டுழி
இழந்த எண்ணை எண்ணா னாகி
எழுமடி ஒன்றே இலக்கெனக் கொண்டு
குருதி தோன்றினும் குறிநோய் காணினும்
பரிமுகம் நோக்கிப் பாதியின் நின்று
பிழையெலாம் தன்மேல் பெய்துகொண் டேகிப்
பழையதோர் பாடம் பையத் தொடங்கின்
தோற்றா னாயினும் தோலான்
ஏற்றம் என்ப இயைபறிந் தோரே.

என்பது நூற்பா. பன்னாட்டு டிரஸ்ஸேஜ் களத்துப் புகுவார்க்கு உரிய ஒழுக்கமும், ஆங்கு நேரும் இடையூற்றை அவர் எதிர்கொள்ளுமாறும் உணர்த்துதல் நுதலிற்று.

டிரஸ்ஸேஜ் என்பது குதிரையைப் படிமுறையாகப் பயிற்றி, வகுத்த அசைவுகளை வகுத்த இடத்தில் செய்வித்து, அவற்றின் செம்மைக்கு மதிப்பெண் பெறும் போட்டியாகும். குதிரையேற்றப் போட்டிகளுள் தடை தாண்டுதல் வேறு, இது வேறு. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் முதல் இது நடந்துவருகின்றது. தொடக்கத்தில் படைத்துறை அலுவலர்க்கே உரியதாய் இருந்து, 1952 ஹெல்சிங்கியில் பிறர்க்கும் மகளிர்க்கும் திறக்கப்பட்டது.

இதன் பொழிப்பு: குதிரையும் தானும் ஒரே உடம்பாய் இயைந்து, எல்லை வகுத்த களத்துள் கலக்கம் நீங்கப் புகுந்து, நடுவிடத்து நின்று நடுவரை வணங்கி, விதித்த மூவகை நடையையும் எண் பெறுமாறு காட்டும்பொழுது, கைவிட்டுப்போன எண்ணை நினையாதவனாய், இனி எழும் அடி ஒன்றையே குறியாகக் கொண்டு, குருதி தோன்றினாலும் நோயின் குறி தென்பட்டாலும் குதிரையின் முகம் பார்த்து இடையிலேயே நின்று, குற்றம் அனைத்தும் தன்னதாக ஏற்று வெளியேறி, முன்பு கற்ற பாடத்தையே மெல்லத் தொடங்குவானாயின், அவன் தோற்றவனே ஆயினும் தோல்வி இல்லாதவன், ஏற்றமாவது அதுவே என்பர் இயைபின் இயல்பு அறிந்தோர் என்றவாறு. இனிச் சொற்பொருள் காண்பாம்.

புரவியும் தானும் ஓருடல் ஆகி:

உம்மை இரண்டும் எண்ணுப்பொருளன. புரவியை முன்வைத்தது என்னையெனின், களத்தில் எண் பெறுவது புரவியின் அசைவே ஆகலின். ஏறினோன் எத்துணை வனப்புற அமர்ந்தானாயினும் குதிரையின் அடி தாளம் தப்பின் எண் குறையும். ஆயினும் பதக்கம் ஏறினோன் கழுத்திலேயே விழும். அம்முறைகேட்டை ஆசிரியர் சொல்லை வைத்த வரிசையானே திருத்தினார் போலும். தான் என்பது ஆண் பெண் இருபாற்கும் பொது. அதன் பயன் ஈற்றில் விளங்கும்.

இரண்டு உயிர் ஓருடல் ஆதல் எவ்வாறு கூடும் எனின், களத்துள் வாய்திறந்து ஏவுதல் விலக்கப்பட்டது. நாவைச் சொடுக்கி ஒலி எழுப்பினும் எண் குறைக்கப்படும். எஞ்சிய கருவிகள் இருக்கையின் எடை, காலின் அழுத்தம், கடிவாள வாரின் மெல்லிய தொடர்பு ஆகிய மூன்றுமே. இவற்றால் ஏவுங்கால் ஏவல் காண்போர் கண்ணுக்குத் தோன்றலாகாது. செயல் மட்டுமே தோன்றல் வேண்டும். அந்நிலையையே ஓருடல் என்றார்.

ஆகி என்பது செய்தென் எச்சம். பின்வரும் புகுந்து என்பதற்கு முன்னரே முடிந்த வினையைக் காட்டிற்று. களத்துள் புகுந்தபின் ஓருடல் ஆகலாம் என்று கருதுவார்க்கு இவ்வெச்சம் இடம் கொடாது. பொன் கொடுத்தும் ஓருடல் ஆதற்கு வேண்டும் காலத்தைச் சுருக்கல் அரிது என்பதற்கு டோட்டிலாஸ் என்னும் கரிய ஆண்குதிரை சான்று. நெதர்லாந்து நாட்டு எட்வர்ட் கால் என்பார் அதன்மேல் ஏறி, 2009 டிசம்பரில் இலண்டன் ஒலிம்பியா அரங்கில் இசையோடு ஆடும் சுற்றில் 92.30 விழுக்காடு பெற்றார். அச்சுற்றில் 90 விழுக்காட்டைக் கடந்த முதற்குதிரை அதுவே. 2010 கென்டக்கி உலகப் போட்டியில் மூன்று பொன் கொண்டது. அவ்வாண்டே பெரும்பொருளுக்கு ஜெர்மனிக்கு விற்கப்பட, மத்தியாஸ் ராத் என்பார் ஏறலாயினார். பின்னர்க் குதிரைக்குக் காயமும் ஏறினோர்க்கு நோயுமாக ஆண்டுகள் கழிந்தன. 2012 இலண்டன் ஒலிம்பிக் கைகூடவில்லை. 2015 ஆகன் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் நடையில் நொண்டல் காணப்பட்டு விலக்கிக்கொள்ளப்பட்டது. அத்துடன் அதன் களவாழ்வு முடிந்தது. ராத் திறம் குன்றியவர் அல்லர், குதிரையும் இழிந்ததன்று. ஆகி என்பதற்கு வேண்டிய ஆண்டுகளைக் காயமும் நோயும் தின்றன என்க.

வரம்புடைக் களத்து மருளறப் புகுந்து:

வரம்பு, எல்லை. களம் 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடையது. சுற்றிலும் உள்ள வேலி முழங்காலளவும் எட்டாதது. குதிரை ஒரு தாவில் கடந்துவிடும். கடக்கவல்லது கடவாதிருத்தலே பயிற்சியின் முதற்சான்று ஆகலின் வரம்புடை என அடைகொடுத்து ஓதினார். நான்கு குளம்பும் வேலிக்கு வெளியே பட்டால் போட்டியினின்று நீக்கம். வேலியோரம் எழுத்துப் பலகைகள் நிற்கும். ஏ என்னும் எழுத்தே வாயில். அதற்கு நேர் எதிரே சி என்னும் எழுத்தின்கண் தலைமை நடுவர் இருப்பர்.

மருள் என்பது கலக்கம். யாருடைய மருள் என ஆசிரியர் விதந்து கூறாமையின் இருவர்க்கும் கொள்க. குதிரை இரைவிலங்கு, காட்டில் ஓடித் தப்பிய குலத்தது. கொடி படபடத்தாலும், பூந்தொட்டி இடம் மாறியிருந்தாலும், அரங்கின் பெருந்திரையில் உருவம் அசைந்தாலும் அதற்கு அது புலிதான். ஏறினோன் மருண்டால் அவன் தொடை இறுகும், மூச்சு நிற்கும். அவ்விறுக்கம் சேணத்தின் வழியே குதிரையின் முதுகை எட்டும். ஆதலால் ஒருவர் மருள் மற்றவர் மருளாம்.

அற என்பதனை முழுதும் இல்லாமல் என்று பொருள்கொண்டால் இந்நூற்பா கைக்கொள்ளலாகாததாய் முடியும். 2008 ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் பெய்ஜிங்கில் நடவாது ஹாங்காங்கில் நடந்தன. ஆங்கு ஜெர்மனியின் இசபெல் வெர்த் ஏறிய சாட்ச்மோ, நின்ற இடத்திலேயே தாளமிட்டு அடி எடுக்கும் பியாஃப் என்னும் அசைவின்போது மருண்டு எதிர்த்தது. உலகின் மிகத் தேர்ந்த கையும் அக்கணத்தில் அதனைத் தடுக்க இயலவில்லை. ஆயினும் அக்குதிரையோடே இரு சுற்றின் கூட்டில் வெள்ளி பெற்றார். பொன் நெதர்லாந்தின் ஆங்கி வான் கிரன்ஸ்வென்னுக்குப் போயிற்று. எனவே அற என்பது, மருள் எழினும் அதனைத் தன் உடலில் தங்கவிடாமை எனக் கொள்க.

நடுவண் நின்று நடுவரை வணங்கி:

நடுவண், களத்தின் மையமாகிய எக்ஸ் என்னும் இடம். அதற்குப் பலகை இல்லை. ஏறினோன் தானே உணர்ந்து நிற்றல் வேண்டும். நின்று என்றது நான்கு காலும் சதுரமாய் ஊன்றி, அசைவின்றி நிற்றலை. இதற்கும் எண் உண்டு ஆகலின், ஒன்றும் செய்யாமையே இங்குச் செயலாயிற்று.

நடுவர் பன்னாட்டுப் பெரும்போட்டிகளில் ஐவர், ஒலிம்பிக்கில் எழுவர். களத்தைச் சுற்றிப் பல திக்கில் இருப்பர் ஆதலால், ஒரே அசைவுக்கு ஒருவர் 8 இட, மற்றவர் 6 இடுதலும் நேரும். அது கண்டு முறையிடுவோர் பலர். ஆசிரியர் வணக்கத்தை முன்னே வைத்தார். எண் தெரிவதற்கு முன்னரே வணங்கியவன் எண் தெரிந்தபின் வணக்கத்தைத் திரும்பப் பெறல் ஆகாது என்பது குறிப்பு.

நடுவர் தீர்ப்பன்றி விதியே வருத்தும் இடமும் உண்டு. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் சுவீடன் அணி பொன் வென்றது. அவ்வணியின் கெனால் பெர்சன் மெய்யான அலுவலர் அல்லர், சார்ஜன்ட் நிலையினர் என்று கூறி, 1949-இல் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அணியின் வெற்றியை நீக்கியது. பொன் பிரான்சுக்குச் சென்றது. அவர் குதிரைமேல் செய்த பிழை ஒன்றும் இல்லை. தோளில் இருந்த பட்டையே பிழையாயிற்று. பின்பு விதி மாறியது. 1952 ஹெல்சிங்கியில் பெர்சன், ஹென்ரி செயின்ட் சிர், போல்டென்ஸ்டெர்ன் என்னும் அதே மூவரும் மீண்டும் புகுந்து பொன் கொண்டனர், 1956-இலும் கொண்டனர். இழிவு செய்த அமைப்பின் களத்திலேயே பெர்சன் மீண்டும் வணங்கினாரே, அவ்வணக்கமே இவ்வடிக்குச் சிறந்த உரை.

இடுநடை மூன்றும் எண்பெறக் காட்டுழி:

இடுநடை வினைத்தொகை, விதிக்கப்பட்ட நடை என்க. நம் முன்னோர் பரிக்கு ஐங்கதி கூறுவர், ஈண்டு மூன்றே. நான்கு தாளத்து மெல்நடை, இரு தாளத்துத் துள்ளோட்டம், முத்தாளத்துப் பாய்ச்சல் என்பன அவை. கேட்பார்க்கு மெல்நடை எளிதெனத் தோன்றும். மெய்யில் அதுவே அரிது. குதிரையின் உள்ளிறுக்கத்தை மற்ற இரண்டும் ஓரளவு மறைக்கும், மெல்நடை மறைக்காது. எண் 0 முதல் 10 வரை, அரை எண்ணும் இடையே உண்டு. காட்டுழி, காட்டுமிடத்து. இச்சொல் சிறிதாயினும் அடுத்த ஈரடிக்கும் இதுவே எல்லை வகுக்கின்றது. கற்போர் இதனைக் கைவிடற்க.

இழந்த எண்ணை எண்ணா னாகி, எழுமடி ஒன்றே இலக்கெனக் கொண்டு:

இவ்விரண்டடியும் நூற்பாவின் நெஞ்சம் என்க.

இழந்த என்பது இறந்தகாலப் பெயரெச்சம். எண், மதிப்பெண். எண்ணான், நினையான். பெயரும் வினையும் ஒரே சொல்லினின்று பிறந்தமையின், எண்ணை எண்ணுதல் மனத்துக்கு எத்துணை இயல்பு என்பதும் போந்தது. இயல்பாகலின் அன்றோ விலக்கினார்.

கிராண்ட் பிரி என்னும் மேனிலைச் சுற்றில், பாய்ச்சலின் ஒவ்வோர் அடியிலும் முன்கால் மாற்றும் அசைவு 15 முறை தொடர்ந்து வரவேண்டும். இரண்டு அடிக்கு ஒருமுறை மாற்றுவது 9 முறை. ஏழாவது மாற்றத்தில் குதிரை ஓரடி தப்பிற்று என்று கொள்வோம். அவ்வசைவுக்குரிய எண் குறைந்தது, அது மீளாது. அடுத்து வருவது நின்ற இடத்திற் சுழலும் பைரூட். அதற்கு எண் இரட்டித்துக் கணக்கிடப்படும். தப்பிய ஏழாவது மாற்றத்தையே நினைந்துகொண்டு பைரூட்டுக்குள் புகுவோன், ஒற்றை இழப்பை மூன்றாக்குகின்றான். ஒவ்வோர் அசைவும் தனித்தனியே எண்ணிடப்படுதலின் இவ்விளையாட்டின் விதியே மறதிக்கு இடம் வைத்துள்ளது. பைரூட்டுக்கு நடுவர் முன்னைய சினத்தைக் கொண்டுவருவதில்லை. ஏறினோன் மட்டும் ஏன் கொண்டுவரல் வேண்டும்?

எழுமடி என்பதற்கு ஏழு மடங்கு என்று பொருள்கொள்ளற்க. எழும் அடி எனப் பிரிக்க. எழும் என்பது செய்யும் என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம். அவ்வாய்பாடு நிகழ்வும் எதிர்வும் உணர்த்தும். இறப்பை உணர்த்துதல் அதற்கு இயல்பன்று. மேலடியில் இழந்த என இறந்தகாலம் வைத்து விலக்கியவர், இவ்வடியில் இறந்தகாலம் புகவியலாத சொல்லைத் தேர்ந்தார். குளம்பு ஊன்றியபின் அதனைத் திருத்த இயலாது. எழுங்கால் மட்டுமே இருக்கையின் சிறு அசைவால் அதனை நடத்தலாம் என்பது குதிரையேற்றம் பயிற்றுவோர் நாளும் கூறுவது. இலக்கணமும் உடற்கூறும் ஈண்டு ஒன்றாயின.

ஒன்றே என்னும் ஏகாரம் பிரிநிலை. பதக்கம், அணியின் கூட்டு எண், தேர்வுக்குழுவின் நினைப்பு ஆகிய அனைத்தையும் பிரித்து நீக்கிற்று.

அற்றேல், பிழையை எண்ணாதுவிடின் அது திருந்துவது எவ்வாறு எனின், கூறுதும். காட்டுழி என்றாரன்றோ. எண்ணாமை களத்துக்குள் மட்டுமே. சுற்று முடிந்தபின் மதிப்பெண் தாள் கைக்கு வரும். ஒவ்வோர் அசைவுக்கும் எதிரே எண்ணும், ஓரிரு சொல்லில் நடுவர் கருத்தும் இருக்கும். அதனைப் படித்தலும், பதிவான படக்காட்சியைப் பார்த்தலும், பயிற்றுநரோடு இருந்து ஆய்தலும் கடமை. களத்துள் எண்ணுதல், களத்துக்கு வெளியே எண்ணாமை ஆகிய இரண்டும் குற்றமாம். பலர் இரண்டையும் ஒருங்கே செய்வர்.

குருதி தோன்றினும் குறிநோய் காணினும்:

உம்மை இரண்டும் எண்ணொடு வந்த ஐயப்பொருளன; இவற்றுள் ஒன்று நேரினும் என்க. குருதி என்றது குதிரையின் குருதியை. தோன்றினும் என்றார், சிந்தினும் என்றிலர். ஒரு துளி கண்ணுக்குத் தோன்றுதலே போதும். அளவும் காரணமும் வினவப்படா. வாயிலேனும் விலாவிலேனும் புதிய குருதி காணப்படின் நடுவர் மணி அடிப்பர். போட்டி அத்துடன் முடியும்.

2010 கென்டக்கி உலகப் போட்டியில், நெதர்லாந்தின் அடலின்டே கொர்னெலிசன் பார்சிவால் என்னும் குதிரைமேல் பதக்கத்தை எட்டுவார் என்று கருதப்பட்டவர். சுற்றின் இடையே குதிரையின் வாயில் நுரையோடு குருதி தெரிந்தது. தன் நாவைத் தானே கடித்துக்கொண்டிருந்தது. மணி ஒலித்தது, நீக்கம். கொடுமை நிகழவில்லை என்பது பின்னர்த் தெளிந்தும் தீர்ப்பு மாறவில்லை, மாறாமையே நன்று. கருத்தைப் பார்த்து விலக்கும் விதி வழக்காடுவோர்க்கு வாயிலாகும். கண்டதைப் பார்த்து விலக்கும் விதியோ வாயில்லாத உயிர்க்குக் காவலாகும்.

குறிநோய், குறியால் அறியப்படும் நோய். குதிரை தன் நோவைச் சொல்லாது. நடையில் சிறு சமனின்மை, காதின் போக்கு, உணவில் விருப்பின்மை என்னும் குறிகளே உள. இக்குறியை மருந்தால் மறைத்தலும், மருந்தின் அளவும் நாளும் அறியாது களம் புகுதலும் பெரும்பிழை. மேற்கூறிய வெர்த்தும் இதில் தப்பவில்லை. 2009-இல் அவருடைய விஸ்பர் என்னும் குதிரையின் சோதனையில் விலக்கப்பட்ட மருந்து காணப்பட்டு ஆறு திங்கள் தடை பெற்றார்.

பரிமுகம் நோக்கிப் பாதியின் நின்று:

ஏறினோற்குக் குதிரையின் முகம் தெரியாதே. பிடரியும் காதுமன்றோ தெரியும், நோக்குதல் எங்ஙனம் எனின், நோக்கி என்றது ஈண்டுக் கண்ணால் காண்டலை மட்டுமன்று. கைவழி வரும் வாயின் உணர்வு, இருக்கைவழி வரும் முதுகின் உணர்வு, காதின் அசைவு ஆகியவற்றால் முகத்தை உய்த்துணர்தலையும் ஆம். இவ்வுணர்வு இல்லாதானுக்கு மணி ஒலித்தபின்னரே செய்தி தெரியும். உள்ளவன் மணியை எதிர்பாரான்.

பாதியின் நின்று என்பது இந்நூற்பாவிலேயே செயற்கு அரியது. முன்னடியில் எழுமடி ஒன்றே இலக்கு என்று தளராமையை விதித்தவர், இங்கு நின்றுவிடுக என்கின்றார். மாறுகோள் அன்றோ எனின், அன்று. அங்கு விலக்கியது தன் மனத்தின் நோவை. இங்குப் போற்றியது குதிரையின் உடல்நோவை. தன் நோவுக்கு நில்லாதவனே குதிரையின் நோவுக்கு நிற்கத் தக்கான்.

கென்டக்கியில் மணியால் நின்ற அதே இணை, 2012 இலண்டனில் தனிநபர் வெள்ளி கொண்டது. 2016 ரியோவில் பார்சிவாலுக்கு அகவை 19. சுற்றுக்கு முந்தைய நாள் அதன் முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டது. பூச்சிக் கடியே காரணம் எனப்பட்டது. இரவு முழுதும் பார்த்துக்கொள்ளக் காய்ச்சல் தணிந்தது. மருத்துவர் ஒப்புதலோடு களம் புகுந்தார். புகுந்த சிறிது நேரத்தில் குதிரையின் நிலை சரியன்று என்று உணர்ந்தார். மணி ஒலிக்கவில்லை, நடுவர் ஒன்றும் கூறவில்லை. தாமே சுற்றை நிறுத்தி, வணங்கி, வெளியேறினார். நெதர்லாந்து அணி எஞ்சிய மூவர் எண்ணையே கணக்கிட்டு நான்காம் இடத்தோடு அமைந்தது. புகுந்ததே தவறு என்பாரும் உளர், அவ்வழக்கு நிற்க. நூற்பா பேசுவது புகுந்தபின் செய்வதனை. ஒலிம்பிக் களத்தில் பலர் காண நிற்பதற்குப் பாய்வதினும் மிக்க வலிமை வேண்டும்.

பிழையெலாம் தன்மேல் பெய்துகொண் டேகி:

எலாம் என்பது எஞ்சாமைப் பொருட்டு. மருத்துவர் பிழை, குதிரைக்காரர் பிழை, இலாடம் அடித்தோர் பிழை என்று பங்கிடுதற்கு இச்சொல் இடம் வைக்கவில்லை. பன்னாட்டுக் கூட்டமைப்பின் விதியும் இவ்வாறே, குதிரைக்கு நேரும் யாவற்றுக்கும் பொறுப்பாளர் என்று ஏறும் வீரரையே பெயர் சுட்டுகின்றது. விஸ்பர் வழக்கில் மருந்திட்டவர் மருத்துவர். தடை வெர்த்துக்கே வந்தது.

தன்மேல் என்றதனால், குதிரைமேல் என்பது விலக்கப்பட்டது. சுற்று சீர்கெட்டால் கடிவாளத்தை வெடுக்கென இழுப்பதும் கசையைக் கையாள்வதும் குதிரைமேல் பிழை பெய்தலாம். போட்டிக்களத்துக்கு மட்டுமே இது பொருந்தும், பயிற்சிக்களத்துக்குப் பொருந்தாது என்று கருதற்க. 2012-இலும் 2016-இலும் வலேக்ரோ என்னும் குதிரைமேல் தனிநபர் பொன் கொண்ட பிரித்தானியாவின் ஷார்லட் டுஜார்டின், பயிற்சியின்போது ஒரு குதிரையின் காலைக் கசையால் மீண்டும் மீண்டும் அடித்த காட்சி வெளிப்பட, 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடங்குமுன் தாமே விலகினார். ஓராண்டுத் தடையும் பெற்றார். அத்துணைப் புகழும் அதற்குத் தடுப்பாகவில்லை.

பெய்துகொண்டு என்றதன்பின் ஏகி என உடனே வைத்தமை நோக்குக. பிழையை ஏற்றவன் அதனை ஏந்தியபடி களத்திலேயே நின்று புலம்புதல் வேண்டா. ஏற்றல் ஒரு செயல், ஏகல் மறு செயல். இடையே வேறொன்றும் இல்லை.

பழையதோர் பாடம் பையத் தொடங்கின்:

பழைய பாடம், முதற்பாடம். ஜெர்மானிய மரபு பயிற்சியை ஆறு படியாக வகுக்கும். தாளம், தளர்வு, வாயோடு தொடர்பு, உந்துவிசை, நேர்மை, ஒடுக்கம் என்பன அவை. ஒடுக்கத்தில் இடறியவன் ஒடுக்கத்தையே மேலும் வற்புறுத்தற்க. தாளத்துக்குத் திரும்புக என்பது கருத்து. பைய என்பது காலத்தையும் கையின் மென்மையையும் ஒருங்கே குறித்தது.

இவ்வடிக்கு லிஸ் ஹார்டலின் வாழ்வே இலக்கியம். டென்மார்க்கினர். 1944-இல் கருவுற்றிருந்தபொழுது, தம் 23-ஆம் அகவையில், இளம்பிள்ளை வாதம் தாக்கி உடல் முடங்கியது. மகவு நலமாய்ப் பிறந்தது. சிறிது சிறிதாக உறுப்புகளை மீட்டு மீண்டும் குதிரைமேல் அமரக் கற்றார். முழங்காலுக்குக் கீழ் ஆற்றல் திரும்பவே இல்லை. ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டும். முதலடி உரையில் ஏவற்கருவி மூன்று என்றோம். அவற்றுள் காலின் அழுத்தம் பெரும்பகுதி அவர்க்கு இல்லை. எடையும் கையும் கொண்டே ஜூபிலி என்னும் பெட்டைக் குதிரையோடு ஓருடல் ஆனார். மகளிர்க்குக் களம் திறந்த 1952-இலேயே தனிநபர் வெள்ளி பெற்றார். பொன் பெற்ற செயின்ட் சிர், அவரைப் பதக்க மேடைக்கு ஏற்றத் துணைநின்றார். 1956-இல் ஆஸ்திரேலியாவின் தொற்றுநோய்த் தடுப்பு விதியால் குதிரைப் போட்டிகள் மட்டும் மெல்போர்னில் நடவாது ஸ்டாக்ஹோமில் நடந்தன. அங்கும் அவர்க்கு வெள்ளி. இரண்டு முறையும் பொன் செயின்ட் சிர்க்கே. பொன் கிட்டாமை பற்றி இரங்குவார் இந்நூற்பாவை முதலடியினின்று மீண்டும் ஓதுக.

தொடங்கின் என்பது நிபந்தனை எச்சம். மேற்கூறிய யாவும் செய்தும் இது செய்யானாயின் பயனில்லை. அவன் நல்லவனாய் விலகியவன் ஆவான், தோலான் ஆகான்.

தோற்றா னாயினும் தோலான்:

தோற்றான் இறந்தகால வினைமுற்று. நிகழ்ந்தது மெய், மறுப்பில்லை. தோலான் எதிர்மறை வினைமுற்று. காலம் காட்டாது மூன்று காலத்துக்கும் நிற்கும். ஆயினும் என்னும் உம்மை, இழிவு ஒப்புக்கொண்டு உயர்வு நாட்டிற்று. தோல்வியை வெற்றி என்று பெயர்மாற்றிச் சொல்லும் ஆறுதலுரை ஈண்டு இல்லை என்பது தெளிக.

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி டிரஸ்ஸேஜில் பொன் கொண்டது. சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா என்னும் நால்வர். குதிரையேற்றத்தில் இந்தியா 41 ஆண்டுகட்குப் பின் பெற்ற பொன் அது. அதே வாரத்துத் தனிநபர் போட்டியில், தகுதிச் சுற்றில் முன்னின்ற சேடா இறுதிச் சுற்றில் நீக்கப்பட்டார். அகர்வாலா வெண்கலம் பெற்றார். அவ்வகர்வாலாவே 2024 பாரிஸில், ஒலிம்பிக் டிரஸ்ஸேஜில் இந்தியாவின் முதல் வீரராகச் சர் காரமெல்லோ என்னும் குதிரைமேல் புகுந்து, 66.444 விழுக்காடு பெற்று, அடுத்த சுற்றுக்குச் செல்லாது நின்றார். கொல்கத்தாவில் பிறந்து, பதின்ம வயதிலேயே ஜெர்மனி சென்று, ஹுபெர்டஸ் ஷ்மிட் என்னும் ஆசானிடம் பயின்றவர் அவர். தோற்றான் என்னும் சொல் அவர்க்குப் பொருந்தும். தோலான் என்பது பொருந்துமா என்பதை அவர் தொடங்கும் பாடமே கூறும். உரைகாரர் முந்துதல் முறையன்று.

தோலான் என ஆண்பாலாற் கூறினாரேனும் பெண்பாற்கும் கொள்க. தலைமைபற்றிய வழக்கு அது. இவ்விளையாட்டில் அத்தலைமையும் இன்று மாறிற்று. ஆணும் பெண்ணும் ஒரே களத்தில் ஒரே எண்ணுக்குப் போட்டியிடும் இதில், 1988 சியோல் முதல் 2024 பாரிஸ் வரை ஒலிம்பிக்கின் தனிநபர் பொன் அனைத்தும் மகளிரே கொண்டனர். மேற்கூறிய வெர்த், 2012 ஒலிம்பிக்கில் ஏறாதிருந்து, 2016-இல் வைகெகோல்ட் என்னும் குதிரையோடு மீண்டு, 2024 வரை ஒலிம்பிக்கில் 8 பொன் நிறைத்தார். ஆதலின் தோலாள் என்று ஓதினும் யாப்புக் கெடாது. அவ்வாறு ஓதுவாரைத் தடுக்கற்க.

ஏற்றம் என்ப இயைபறிந் தோரே:

ஏற்றம், குதிரைமேல் ஏறுதலும் உயர்வும். இரண்டும் ஈண்டு வேண்டும். இயைபு, முதலடியில் ஓருடல் என்றது. அறிந்தோர் என்றமையான், அவ்வியைபைத் தம் உடலால் அறிந்தவர் சொல்லே ஈண்டுக் கொள்ளத்தக்கது. எண்பலகை மட்டும் பார்ப்போர் சொல் கொள்ளத்தகாது. என்ப பலர்பால் வினைமுற்று. இயைபறிந்தோர் அதன் எழுவாய். ஈற்றேகாரம் அசை.